கும்மாயம், பானகம், சுவரொட்டி: விளையாட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பிள்ளை விளையாட்டில் கொஞ்சம் பெயர் எடுத்துவிட்டால் போதும், பெற்றவர்கள் வந்து கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "டீச்சர், பிள்ளைக்கு என்ன பவுடர் வாங்கிக் குடுக்கலாம்?" நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா ஒருவர், 3,000 ரூபாய் டப்பாவின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, சீட்டு கட்டி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த அக்கறைக்கு முன்னால் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நேத்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் பிள்ளை என்னென்ன சாப்பிட்டா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டா, சொல்லுங்க."

பெரும்பாலும் பதில் ஒரே மாதிரிதான் வரும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஓட்டப் பயிற்சி. அப்புறம் டீ, இரண்டு பன். மத்தியானம் பள்ளியில் சத்துணவு. சாயங்காலம் ஒன்றும் இல்லாமல் மறுபடி மைதானம். வீட்டுக்குப் போய்க் குளித்து, பாடம் எழுதி, ஒன்பது மணிக்கு மேல் சோறு. ஒரு நாளைக்கு இரண்டு வேளை உழைக்கிற உடம்புக்கு முக்கால்வாசிச் சாப்பாடு படுக்கப் போகிற நேரத்தில்தான் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை மூன்றாவது சுற்றில் தளர்ந்து போவதற்கு எந்த டப்பாவும் மருந்தாகாது.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்குக் கபடியும் நடுத்தூர ஓட்டமும் சொல்லிக் கொடுக்கிறேன். பல வருடமாக அவர்களுடைய சாப்பாட்டையும் ஓட்டத்தையும் சேர்த்தே கவனித்து வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: செட்டிநாட்டு அடுப்படியில் ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அது சரியான நேரத்துக்கு, சரியான அளவில் அவளுடைய தட்டுக்கு வருவதில்லை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் போலக் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் குறைந்தது 250 கிராம். ஒரு கப் சோற்றில் சுமார் 40 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஆறு கப் சோற்றுக்குச் சமமான உணவு. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. அதே பிள்ளைக்கு 60-லிருந்து 100 கிராம். நான் 70 கிராமை இலக்காக வைக்கச் சொல்வேன், எட்டக்கூடிய அளவு அதுதான். "சோறு சாப்பிட்டா குண்டாயிருவே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு சோற்றைக் குறைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கபடியில் ஒரு பாய்ச்சலுக்கு, ஓட்டத்தில் கடைசி நூறு மீட்டருக்கு எரிவதே அந்த மாவுச்சத்துதான்.

சாயங்காலப் பயிற்சிக்கு முன்னால் என்ன கொடுப்பது? நம் வீடுகளில் இடைப்பலகாரம் என்று ஒரு வேளையே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கு வருவது பெரும்பாலும் வெள்ளைப் பணியாரம், மசாலாச் சீயம், வடை. எண்ணெயில் பொரித்தது வயிற்றில் தங்கும். அரை மணியில் ஓட ஆரம்பித்தால் நெஞ்சுக் கரிப்பு வரும், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். பணியாரம் தப்பில்லை, அதைப் பயிற்சி இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். இல்லையென்றால் மத்தியானமே கட்டிக் கொண்டுவந்த இரண்டு இட்லி. இவ்வளவு போதும். காலைப் பயிற்சிக்கு ஐந்து மணிக்கு எழுந்து யாராலும் சாப்பிட முடியாது. அரை டம்ளர் பாலில் கருப்பட்டி போட்டுக் குடித்துவிட்டு இரண்டு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன்.

பயிற்சி முடிந்த பிறகு வருகிற நேரம்தான் நான் அதிகம் மல்லுக்கட்டுகிற இடம். ஓடி முடித்த தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து கரைந்திருக்கும். அதைத் திரும்ப நிரப்புகிற வேகம் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் பயிற்சி செய்கிறவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை, அன்றைய மொத்தச் சாப்பாடு சரியாக இருந்தால் மறுநாளைக்குள் நிரம்பிவிடும். எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி இறங்கவேண்டிய போட்டி நாட்களில் கதை வேறு. முதல் நான்கு மணி நேரத்தில், மணிக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமாவது மாவுச்சத்து போகவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம்: சாயங்காலம் விட்டால் ஒன்பது மணி, காலையில் விட்டால் மத்தியானம். அதனால் மைதானத்தை விட்டுப் போகும் முன்பே வயிற்றில் ஏதாவது விழுந்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தோம்.

அதற்குக் கிடைத்த நல்ல பதில் கும்மாயம், வறுத்த உளுந்து மாவில் கிண்டுகிற இனிப்பு. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவேண்டாம், ஆனால் விளையாட்டுப் பிள்ளைகளின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். உளுந்து ஒரு பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு, பச்சரிசி கால் பங்கு. அளவு வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்துத் திரித்த மாவு. அதோடு கருப்பட்டியும் வெல்லமும், நெய். இந்த மாவில் 50 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பில் குறைகிற அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டும், அரிசியில் குறைவதைப் பருப்பு ஈடுகட்டும். 40 கிராம் வெல்லத்தைச் சேர்த்தால் மாவுச்சத்து 60 கிராமைத் தொடும். பக்கத்தில் ஒரு டம்ளர் பால் வைத்தால் புரதம் 16 கிராம் ஆகிறது. பயிற்சிக்குப் பிறகு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம் புரதம் என்கிறார்களே, 50 கிலோ பிள்ளைக்கு அது 15 கிராம். கணக்கு கச்சிதமாகச் சேருகிறது.

பக்குவம் சொல்லிக் கொடுத்தது எங்கள் பள்ளிக்குப் பின் தெருவில் இருக்கிற ஓர் ஆச்சி. முதல் நாள் ஒரு பிள்ளையின் அம்மா கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டப் போக, ஆச்சி கையைப் பிடித்துவிட்டார்கள். "ஆத்தா, கொதியில மாவப் போட்டா கட்டி தட்டிப் போகும். மாவ நெய்யில லேசாப் பிரட்டு. வெல்லத்தண்ணிய வடிகட்டிக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்து. கையில ஒட்டாம வரணும், அப்ப எறக்கு." அப்படித்தான் செய்கிறோம். விருந்துக்குச் செய்கிற மாதிரி நெய் மிதக்கவேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். கொழுப்பு அதிகமானால் செரிப்பது மெதுவாகும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பசி எடுக்காது. காலையில் கிண்டித் தூக்குவாளியில் வைத்தால் சாயங்காலம் வரை கெடாது. அம்மாக்கள் முறை வைத்துக் கிண்டுகிறார்கள். முடியாத நாளில் கொண்டைக்கடலைச் சுண்டலும் வாழைப்பழமும், அதுவும் இல்லாத நாளில் பொட்டுக்கடலையும் வெல்லமும்.

அந்த 3,000 ரூபாய் டப்பாவுக்கு வருகிறேன். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற தெளிநீரைக் காய வைத்து எடுக்கிற வே புரோட்டீன்தான் பெரும்பாலும் உள்ளே இருப்பது. ஒரு கரண்டியில் 20 முதல் 24 கிராம் புரதம். நல்ல புரதம்தான், நான் மறுக்கவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, நான்கு முட்டை அதே கணக்கு. பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் ஒரு முட்டை கிடைத்துவிடுகிறது. காலையில் இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராமில் 7 கிராம் போல), ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், இரண்டு வேளை கெட்டியான பருப்பு என்று கூட்டினால் 70 கிராம் வந்துவிடும். முட்டை சாப்பிடாத வீடுகளிலும், புரட்டாசியிலும், மாலை போட்ட நாட்களிலும் பயறும் பாலும் நிலக்கடலையும் கூடவேண்டும். சாம்பாரில் மிதக்கிற பருப்பைப் பருப்பு என்று கணக்கு வைக்கக் கூடாது. அதைத்தான் வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டுக்கோழிச் சாறு, ஆட்டுக்கால் சூப் என்றால் நம் ஊரில் ஒரு தனி நம்பிக்கை. பிள்ளைக்குச் சாற்றை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கறியை மற்றவர்கள் சாப்பிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சாற்றில் உப்பும் நீரும் மணமும் இருக்கிறது, வேர்த்துக் களைத்தவர்களுக்கு இதமாகத்தான் இருக்கும். புரதம் பெரும்பாலும் கறியில்தான் தங்கிவிடுகிறது. ஆட்டுக்காலில் இறங்குகிற ஜெலட்டின் விஷயம் கொஞ்சம் வேறு. வைட்டமின் சி-யோடு சேர்த்து ஜெலட்டினைப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தபோது மூட்டையும் தசைநாரையும் தாங்குகிற கொலாஜன் என்ற புரதம் உடம்பில் உருவாவது கூடியதாக ஒரு சிறிய ஆய்வு 2017-ல் வந்தது. அதனால் எலுமிச்சை பிழிந்து குடிக்கட்டும், நல்லதுதான். தசை வளர்க்கிற புரதமாக அதை நம்பிவிடக் கூடாது. கறியை முதலில் பிள்ளையின் தட்டில் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எங்களுக்கு ஆசான் பழைய எடை மெஷின் ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளை நிறுத்திப் பார்ப்பேன். ஒரு கிலோ குறைந்தால் அது கொழுப்பு கரைந்தது என்று சந்தோஷப்படுவார்கள். அத்தனையும் வியர்வை. ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உள்ளே போகவேண்டும், உப்போடு. வெறும் தண்ணீரையே மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து ஆபத்தில் கூட முடியலாம்.

பானகம் இதற்கு அருமையான பானம். ஆனால் கோயிலில் தருகிற இனிப்பில் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை சுக்கு. கடையில் விற்கிற விளையாட்டுப் பானங்களின் சர்க்கரை, உப்பு அளவும் இதை ஒட்டியதுதான். வெல்லம் இரண்டு மடங்கானால் வயிறு கனக்கும், சிலருக்குக் கழியும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீரே போதும். அதைத் தாண்டினால் பானகம். முடிந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் பானகத்தை நம்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்துக் கொடுங்கள், அதன் உப்பு அளவு வேறு.

குன்றக்குடியிலிருந்து பழனிக்குத் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு நடந்து போகிறவர்களைக் கவனித்தாலே இதில் பாதி புரிந்துவிடும். நானும் கொஞ்ச தூரம் கூட நடந்திருக்கிறேன். சிங்கம்புணரி, நத்தம் வழியில் ஊருக்கு ஊர் பானகமும் மோரும் கஞ்சியும் கொடுப்பார்கள். வருடா வருடம் நடக்கிற பெரியவர்கள் எந்த இடத்திலும் வயிறு முட்டச் சாப்பிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தாகம் வரும் முன்பே குடித்துக்கொண்டு போவார்கள். முதல் தடவை வருகிற இளவட்டங்கள்தான் அன்னதானப் பந்தலில் முழுச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு அடுத்த மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

மின்னொளி கபடிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். திருவிழாவை ஒட்டி நடக்கிற போட்டி, ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பித்து விடிய விடிய ஓடும். பெண்கள் ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிடம், நடுவில் ஐந்து நிமிட இடைவேளை. ஆட்டம் சின்னதுதான். ஒரே ராத்திரியில் மூன்று நான்கு ஆடவேண்டி வருவதுதான் சோதனை. நடத்துகிறவர்கள் அன்போடு பரோட்டாவும் பிரியாணியும் போடுவார்கள். அதைக் கடைசி ஆட்டம் முடியும்வரை தள்ளி வைக்கவேண்டும். நாங்கள் எடுத்துப் போவது மிளகாய்ப் பொடி தடவாத இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், பானகக் கேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு இட்லி, அரைப் பழம், ஒரு டம்ளர் பானகம். மூன்றாவது ஆட்டத்தில் ரெய்டு போகிற பிள்ளையின் காலில் இன்னும் துள்ளல் இருக்கிறதா என்று பாருங்கள், வித்தியாசம் அங்கே தெரியும்.

பெண் பிள்ளைகள் என்றால் நான் விடாமல் பிடித்துக்கொள்வது இரும்புச்சத்தை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஓட்டக்காரிகளுக்கு மாதவிலக்கோடு வியர்வையிலும் கொஞ்சம் போகும், பாதம் தரையில் அறைகிற அறையில் சிவப்பணுக்களும் கொஞ்சம் உடையும். 1500 மீட்டர் ஓடுகிற பிள்ளை ஒருத்தி, எவ்வளவு பயிற்சி கொடுத்தும் நேரம் குறையவே இல்லை. "மூணாவது சுத்துல கால் கல்லு மாதிரி ஆயிருது டீச்சர்" என்பாள். கூட இருந்தவர்கள் சோம்பேறி என்றார்கள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.6. அவள் வயதுப் பிள்ளைக்கு 12-க்குக் குறையக் கூடாது.

மருத்துவர் இரும்பு மாத்திரையும் குடல்புழு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், சிலருக்கு வயிறு பிரட்டும். இதை முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் பிள்ளைகள் பயந்து நிறுத்திவிடுவார்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல மாத்திரையை ஜன்னல் வழியாகப் போடுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நான் பக்கத்திலேயே நின்று விழுங்க வைப்பேன்.

அவள் வீட்டில் இரண்டு பழக்கத்தை மாற்றச் சொன்னேன். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது முதலாவது. தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அந்த இடத்தில் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ வந்தால் இரும்பு சேர்வது கூடும். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும்போது சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலைக் கேட்டு வாங்குவது. ஆட்டு ஈரலில் 100 கிராமுக்கு 7 மில்லிகிராம் போல இரும்பு. சுவரொட்டியில் 40-ஐ ஒட்டி இருக்கிறது. இறைச்சியின் இரும்பு கீரை இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு நாலைந்து மில்லிகிராம்தான், அதிலும் சேருவது கொஞ்சம். கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில் சுண்ணாம்புச்சத்து நிறைய. அது ஒன்றையே நம்பி ரத்தம் ஊறும் என்று காத்திருக்கக் கூடாது. சுவரொட்டியை அவளுடைய அப்பத்தா மஞ்சள் போட்டு வேகவைத்து, மேல்தோலை உரித்து, சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் போட்டு நல்லெண்ணெயில் பிரட்டிக் கொடுத்தார்களாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 11.8. ஓட்டத்தில் அவளைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் இப்போது பின்னால் வருகிறார்கள்.

நம் பெருமைகளைப் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். பழைய சோற்றில் ஒரே ராத்திரியில் இரும்புச்சத்து இருபது மடங்காகிறது என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரிசியிலும் தண்ணீரிலும் இல்லாத இரும்பு பானைக்குள் புதிதாகப் பிறக்காது. புளிக்கும்போது இரும்பைக் கட்டிப்போடுகிற ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, இருப்பது கொஞ்சம் நன்றாகச் சேருகிறது. மாவுச்சத்து, நீராகாரம், உப்பு மூன்றும் ஒரே சட்டியில் இருக்கிறது என்பதற்காகவே காலைப் பயிற்சிக்குப் பிறகு பழைய சோறும் தயிரும் நல்ல சாப்பாடு. மஞ்சள் பாலும் அப்படித்தான். மஞ்சளின் மருந்துக் குணத்துக்குக் காரணம் என்று சொல்கிற குர்குமின், மஞ்சள்தூளில் 3 சதவீதம் போலத்தான் இருக்கிறது. அரை டீஸ்பூனில் 50 மில்லிகிராம்கூடத் தேறாது. தசைவலிக்கு ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவு இதைப் போலப் பல மடங்கு. ராத்திரி அந்த டம்ளரில் உடம்பைத் தேற்றுவது பெரும்பாலும் பால்தான், குடிக்கட்டும். கவுனி அரிசியில் சாதாரண அரிசியைவிடப் புரதமும் நார்ச்சத்தும் கொஞ்சம் கூடுதல். ஓய்வு நாளுக்கு ஏற்றது, நார் அதிகம் என்பதால் ஆட்டத்துக்கு முன்னால் வேண்டாம்.

இயற்கை என்று அட்டையில் எழுதியிருக்கும் மாத்திரைகளும் லேகியங்களும்தான் என்னைப் பயமுறுத்துகின்றன. எபிட்ரா ஒரு செடிதான். அதிலிருக்கும் எபிட்ரின், விளையாட்டில் தடை செய்த ஊக்கமருந்துகளின் பட்டியலில் இருக்கிறது, அமெரிக்கா 2004-ல் எபிட்ரா கலந்த சத்துமாத்திரைகளைத் தடை செய்தது. தாமரை விதையின் முளைக்குருத்திலேயே இருக்கிற ஹைஜெனமைன் என்ற பொருள் 2017-லிருந்து அதே பட்டியலில் பெயரோடு இருக்கிறது. கொழுப்புக் கரைக்கும் கேப்ஸ்யூல் என்று அதைச் செறிவாக்கி விற்கிறார்கள். 2000, 2001-ம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்ததில் 94-ல், அட்டையில் சொல்லாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன. சுமார் 15 சதவீதம். உடம்பில் என்ன போனாலும் பொறுப்பு விளையாடுகிறவருடையதுதான், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னாலும் தடையிலிருந்து சுலபமாகத் தப்ப முடியாது. கேலோ இந்தியா போன்ற பிள்ளைகள் போட்டிகளிலும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடா சோதனைக்கு மாதிரி எடுக்கிறது. மருந்து வாங்கும் முன் பார்ப்பதற்கு அவர்களே ஒரு செயலி வைத்திருக்கிறார்கள், 'நோ யுவர் மெடிசின்' என்று பெயர். பெற்றவர்களின் செல்போனில் அதை ஏற்றிக் கொடுத்துவிடுவேன்.

அமுக்கராங்கிழங்கு (அஸ்வகந்தா) பொடியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரியவர்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில் வலுவும் தம்மும் கொஞ்சம் கூடியதாகத்தான் வந்திருக்கிறது. அதே நேரம் கல்லீரல் பாதித்ததாகவும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. வளர்கிற பிள்ளைக்கு நான் கொடுக்கமாட்டேன். கிரியேட்டின் தடைப் பட்டியலில் இல்லை, ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் என்று நன்றாக ஆராயப்பட்ட பொருள். கறியிலும் மீனிலும் இயற்கையாகவே இருக்கிறது. கல்லூரிக்குப் போய், சாப்பாடு தூக்கம் இரண்டும் சீரான பிறகு, மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். எனர்ஜி டிரிங்க் டப்பாவிலேயே சிறுவர்களுக்கு ஏற்றதல்ல என்று அச்சடித்திருக்கிறது. படித்துக் காட்டினால் பிள்ளைகளே வைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக அம்மாக்களிடம் மட்டும் தனியாகப் பேசுகிற விஷயம். எடைப் போட்டிக்காக முதல் நாளே சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தி, எச்சில் துப்பித் துப்பி எடை காட்டுகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. என் பிள்ளைகளை அதற்கு விடுவதில்லை, அடுத்த எடைப் பிரிவில் ஆடித் தோற்றாலும் பரவாயில்லை. உழைப்புக்குத் தேவையானதைவிடக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே போனால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. "வெளையாடுறா, அதான் தள்ளிப் போகுது, நல்லதுதானே" என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கென்றே எச்சரிக்கை கொடுத்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு மெலியும், முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் விழும், அடிக்கடி சளி பிடிக்கும். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வரவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

போன வருடம் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகி, கீழ்க்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டைக் கூட்டினோம். காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் எள்ளுருண்டை, ராத்திரி பால், வேளைக்கு ஒரு கரண்டி சோறு கூடுதல். அம்மா பதறினார், எடை ஏறுகிறதே என்று. மூன்று கிலோ ஏறியது. மாதவிலக்கு திரும்பியது, எலும்பு கூடியது. இப்போது பாதி தூரம் ஓடுகிறாள். முழுத் தூரத்துக்கு ஆடி கழியட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை சுண்டல் பிரித்துக் கொடுப்பதும் எடை மெஷினைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவள் பொறுப்பு.